அன்னதானத்துக்குப் பிறகு: குப்பைப் பைக்குள் என்ன நடக்கிறது?

இந்த மாதப் பாடத்தை நாங்கள் தோற்றுப்போன ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன்.

சாஆவில் எங்கள் கோயிலில் புரட்டாசி சனிக்கிழமை அன்னதானம் முடிந்ததும் பின்பக்கச் சுவரோரம் கறுப்புப் பைகள் வரிசையாக நிற்கும். சாப்பிட்ட வாழையிலை, மிச்சச் சோறு, சாம்பாரில் ஊறிப்போன அப்பளம், காய்கறித் தோல், பூஜையில் கழித்த மாலை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். ஒரு சனிக்கிழமை நானும் இளைஞர் பகுதி நண்பர்கள் மூவரும் அந்தப் பைகளை எடைபோட்டுப் பார்த்தோம். தனியாகத் தராசு எதுவும் இல்லை. வீட்டில் உடம்பு எடை பார்க்கும் தராசைக் கொண்டுபோனோம். ஒருவன் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுவான், பிறகு பையில்லாமல் ஏறுவான், கழித்துக்கொள்வோம். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 60 கிலோ வந்தது.

"இத லோரிக்கு அனுப்பாம நாமளே உரமாக்கிட்டா என்ன?" என்றான் ஒருவன். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பழைய நீலநிறத் தோம்பு ஒன்றைக் கழுவி, அதில் முடிந்த மட்டும் அமுக்கி அடைத்தோம். ஈ மொய்க்கக்கூடாது, நாற்றம் வரக்கூடாது என்று மூடியை இறுக்கி, மேலே ஒரு செங்கல்லையும் வைத்தோம். நல்ல எண்ணம்தான்.

பன்னிரண்டாம் நாள் மூடி பலாப்பழம் மாதிரி உப்பியிருந்தது. திறந்தோம். அழுகிய முட்டையும் புளித்த கள்ளும் கலந்தாற்போல ஒரு வாடை. அன்று வெள்ளிக்கிழமை, உள்ளே சாயங்கால பூஜை நடந்துகொண்டிருந்தது. கோயில் நிர்வாகத்துப் பெரியவர் வெளியே வந்து மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு சொன்னார்: "ஏம்பா, இஞ்சினியருக்குப் படிக்கிற பிள்ளைங்க நாலு பேரு சேந்து செஞ்ச வேலையா இது?"

பதில் சொல்ல முடியவில்லை. இரவோடு இரவாகத் தோம்பை மோட்டார் வண்டியில் கட்டி எடுத்துப்போய், நண்பனுடைய மாமாவின் செம்பனைத் தோட்டத்தில் குழிவெட்டிக் கவிழ்த்தோம். பிறகு பாடப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் நாங்கள் செய்தது என்னவென்று விளங்கியது. உரத்தோம்பு செய்வதாக நினைத்துக்கொண்டு ஒரு சின்னக் குப்பைமேட்டைச் செய்திருக்கிறோம். ஊர்க் குப்பை போய்ச் சேரும் பெரிய தளங்களில் நடப்பதுதான் அந்தத் தோம்புக்குள்ளும் நடந்தது.

காற்று இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் வேறொன்று

சோறு எப்படியும் மக்கத்தான் போகிறது. எப்படி மக்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

காற்றோட்டம் இருக்கும் இடத்தில் ஒருவகை நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. அவை சோற்றில் உள்ள கரிமத்தைச் சாப்பிட்டுக் கரியமில வாயுவாக வெளியே விடுகின்றன. கரியமில வாயுவும் பசுமை இல்ல வாயுதானே என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் நெற்பயிர் சில மாதங்களுக்கு முன் காற்றிலிருந்து எடுத்த கரிமம்தான் அது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் அதைப் புதிய சுமையாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

காற்றை அடைத்துவிட்டால் அந்த நுண்ணுயிர்கள் சாகின்றன, அல்லது ஒடுங்கிவிடுகின்றன. காற்றே தேவைப்படாத வேறு கூட்டம் வேலையை எடுத்துக்கொள்கிறது. முதலில் சோற்றின் மாவுச்சத்தைக் கரைத்து அமிலங்களாக்குகின்றன. எங்கள் தோம்பில் வந்த புளித்த வாடை இந்தக் கட்டத்துடையது. மூடியை உப்பவைத்ததும் அநேகமாகக் கரியமில வாயுதான். முட்டை நாற்றம், பருப்பிலும் காயிலும் இருக்கும் கந்தகத்திலிருந்து வந்தது. அதற்குப் பிறகுதான், வாரங்களோ மாதங்களோ கழித்து, மீத்தேன் செய்யும் நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகி அந்த அமிலங்களைத் தின்னத் தொடங்கும். மாட்டின் வயிற்றிலும் நீர் நிற்கும் நெல்வயலிலும் செம்பனை ஆலைகளின் கழிவுநீர்க் குளத்திலும் இருப்பது இதே கூட்டம்தான். நம் வட்டாரத்தில் ஆலைப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் குளத்தில் எழும் குமிழி தெரிந்திருக்கும்.

குப்பைத் தளத்தில் லோரிகள் கொட்டுகின்றன, இயந்திரம் ஏறி மிதித்து அமுக்குகிறது, மேலே அடுத்த நாள் குப்பையோ மண்ணோ விழுகிறது. உள்ளே காற்று சீக்கிரமே தீர்ந்துபோகிறது. பிறகு பல ஆண்டுகளுக்கு அங்கிருந்து வரும் வாயுவில் ஏறத்தாழப் பாதி மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு.

மீத்தேனுக்கு ஏன் இவ்வளவு பயம்? 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கரியமில வாயு செய்யும் அளவுக்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது 80 கிலோவுக்குச் சமம். காரணம், மீத்தேன் காற்றில் ஏறக்குறைய 12 ஆண்டுகள்தான் தாக்குப்பிடிக்கும், ஆனால் இருக்கிற காலத்தில் கடுமையாக வேலை செய்யும். இதை மாற்றியும் படிக்கலாம். இன்று மீத்தேனைக் குறைத்தால் அதன் பலனை நம் ஆயுளிலேயே பார்க்கலாம். 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் உலக மீத்தேன் உறுதிமொழி வந்ததற்கு இதுதான் காரணம். 2020ஆம் ஆண்டு அளவிலிருந்து 2030க்குள் உலக மீத்தேனை 30 விழுக்காடு குறைப்பது என்று அதில் சேர்ந்த நாடுகள் ஒப்புக்கொண்டன. மலேசியாவும் அதில் ஒன்று.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பருவநிலை என்பது தொலைவில் இருக்கும் விஷயமல்ல. 2023 மார்ச் மழையில் சாஆ மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாங்கள். ஒரே ஒரு வெள்ளத்தைக் காட்டி இது மீத்தேனால் வந்தது என்று சொன்னால் அது அறிவியல் ஆகாது, நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் காற்று ஒரு பாகை சூடேறினால் சுமார் 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். அந்த நீர் ஏதோ ஒரு நாள் யாரோ ஒருவர் கூரைமேல் இறங்கத்தான் வேண்டும்.

ஒரு கிலோ சோற்றின் கணக்கு

இந்தப் பகுதியைப் பென்சில் வைத்துக்கொண்டு படியுங்கள். கிளை வகுப்பில் நடத்தும்போது பலகையில் எழுதிக் காட்டலாம். ஐ.நா.வின் பருவநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசி, நாடுகள் தங்கள் குப்பை வாயுவைக் கணக்கிட ஒரு வழிமுறை தந்திருக்கிறது. அதிலுள்ள பொது எண்களைத்தான் இங்கே எடுத்திருக்கிறேன்.

ஒரு கிலோ உணவுக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். மக்கக்கூடிய கரிமம் சுமார் 150 கிராம். அதில் பாதி, அதாவது 75 கிராம், தளத்துக்குள் உண்மையில் மக்குகிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். மக்கியதில் பாதி மீத்தேனாகவும் பாதி கரியமில வாயுவாகவும் போகிறது. ஆக, மீத்தேனுக்குள் போகும் கரிமம் 37.5 கிராம். கரிமத்தின் அணு எடை 12, மீத்தேனின் மூலக்கூறு எடை 16. எனவே 37.5ஐ 16ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 50 கிராம்.

ஒரு கிலோ மிச்சச் சோற்றுக்கு 50 கிராம் மீத்தேன். அதை 28ஆல் பெருக்குங்கள், 1.4 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். கொட்டின சோற்றைவிட அது கிளப்பும் வாயுவின் பாரம் அதிகம்.

இப்போது எங்கள் 60 கிலோவுக்கு வருவோம். 3 கிலோ மீத்தேன். 84 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். அப்படியானால் ஒரே ஒரு சனிக்கிழமை மிச்சம், ஒரு மைவி காரின் டாங்கியை முழுசாக நிரப்பி எரித்ததற்கு ஈடு. சாஆவிலிருந்து ஜொகூர் பாருவுக்கு இரண்டு முறை போய்வந்தாலும் டாங்கியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். புரட்டாசியில் நான்கு அல்லது ஐந்து சனிக்கிழமை வருகிறது. தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடி மாதத் திருவிழா எல்லாம் தனிக் கணக்கு.

வீட்டுக் கணக்கையும் பார்த்துவிடலாம். தேசியத் திடக்கழிவு நிர்வாகத் துறை 2012இல் நடத்திய ஆய்வின்படி, மலேசியாவில் ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்குப் போடும் குப்பை சராசரியாக 0.76 கிலோ. அதில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு. அடுத்த இடங்களில் பிளாஸ்டிக் 13.2, குழந்தைகளின் டயப்பர் 12.1 விழுக்காடு. (டயப்பர் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. வகுப்பில் சொன்னபோது அக்காமார்கள் மட்டும் ஆச்சரியப்படவில்லை.) ஐந்து பேர் உள்ள குடும்பம் என்றால் ஆண்டுக்கு 600 கிலோவுக்கு மேல் உணவுக் கழிவு, 31 கிலோ மீத்தேன், ஏறக்குறைய 860 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். குப்பை ஆழமாகப் புதைந்து, வாயுவை யாரும் பிடிக்காமல் விட்டால் வரும் எண் இது. வாயுவைப் பிடிக்கும் தளம் என்றால் குறையும்.

இங்கே பலருக்குக் குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் புதைந்தால் எவ்வளவு மீத்தேன் வரும்? கிட்டத்தட்ட ஒன்றுமே வராது. நுண்ணுயிர்கள் அதைத் தொடுவதில்லை. பிளாஸ்டிக்கின் பாவக் கணக்கு வேறு புத்தகத்தில் இருக்கிறது: கச்சா எண்ணெய், ஆறு, கடல் என்று. நாம் பிளாஸ்டிக் பையைப் பார்த்துப் பதறுகிறோம், பைக்குள் இருக்கும் சோற்றைப் பார்த்துப் பதறுவதில்லை. இயற்கையானதுதானே, மக்கிவிடும் என்று விட்டுவிடுகிறோம். மக்குவதுதான் பிரச்சினையே.

குழாய் வருவதற்குள் வாயு போய்விடுகிறது

வாயுவைப் பிடிக்கும் தளங்கள் நம் நாட்டில் உண்டு. உலு சிலாங்கூரில் புக்கிட் தகார் தளத்தில் குழாய் இறக்கி வாயுவை உறிஞ்சி மின்சாரம் எடுக்கிறார்கள். பொறியியல் மாணவனாக எனக்கு அது பிடித்த தொழில்நுட்பம். அப்படியே எல்லாத் தளத்துக்கும் குழாய் போட்டுவிட்டால் கவலை தீர்ந்ததே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

தீராது. அதற்குக் காரணம் நம் வெயிலும் மழையும். ஈரமான வெப்பமண்டலத்தில் உணவுக் கழிவு எவ்வளவு வேகமாக மக்கும் என்பதற்கு ஐபிசிசி ஓர் எண் தருகிறது. அதன்படி, அது தரக்கூடிய மீத்தேனில் பாதி ஒன்றே முக்கால் ஆண்டுக்குள் வெளியேறிவிடும். காகிதத்துக்கு அதே பாதி வெளியேற ஏறக்குறைய 10 ஆண்டு, மரத்துக்கு 20 ஆண்டு. (கிலோவுக்குக் கிலோ பார்த்தால் காகிதம் சோற்றைவிட அதிக மீத்தேன் தரும். ஆனால் நிதானமாகத் தரும், குழாய்க்கு அவகாசம் கொடுக்கும்.) குப்பைத் தளத்தின் ஒரு பகுதி நிறைந்து, மேலே மண்மூடி போட்டு, குழாய்களை முழுமையாக இணைக்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் சோறு தன் வாயுவில் பெரும்பகுதியை விட்டுவிட்டுப் போயிருக்கும். குளிர்நாட்டுக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை, அங்கே எல்லாம் மெதுவாக மக்குகிறது. நம் ஊரில் காலையில் வடித்த சோறு ராத்திரியே நீர்விட்டுப்போகும் என்பது பாட்டிமார்களுக்குத் தெரிந்த விஷயம்தானே.

நம் நாட்டில் இன்னும் பல தளங்கள் அடியில் விரிப்பும் மேலே குழாயும் கொண்ட சுகாதார நிலநிரப்புத் தளங்கள் அல்ல. வெறுமனே கொட்டும் இடங்கள். வாயு மேலே போனால் கண்ணுக்குத் தெரியாது. கீழே வடியும் கசிவுநீர் ஒருநாள் தெரிந்துவிடும். 2019இல் குளுவாங் மாவட்டத்து சிம்பாங் ரெங்கமில் நடந்தது அதுதான். அங்கிருந்த குப்பைத் தளத்தின் கசிவுநீர் ஆற்றில் கலந்து அம்மோனியா அளவு ஏறியதால் குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களைத் திரும்பத் திரும்ப மூட வேண்டியதாயிற்று. அந்தப் பக்கத்து மக்கள் வாளியும் தோம்புமாக லோரித் தண்ணீருக்கு நின்றார்கள். அந்த அம்மோனியா எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பருப்பு, மீன், இறைச்சி, காய்கறி ஆகியவற்றில் உள்ள புரதத்தின் நைட்ரஜனிலிருந்து. வாயுவையும் அம்மோனியாவையும் ஈன்றது ஒரே மிச்சச் சோறுதான்.

இலங்கையில் இதைவிடக் கொடியது நடந்தது. கொழும்பு அருகே மீதொட்டமுல்லையில் ஆண்டுக்கணக்காகக் குவிந்த குப்பைமலை 2017 ஏப்ரல் 14ஆம் தேதி சரிந்து வீடுகள்மேல் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். தேதியைக் கவனித்தீர்களா? சித்திரைப் புத்தாண்டு நாள். நாம் இங்கே கோயிலில் பஞ்சாங்கம் கேட்டுக்கொண்டிருந்த அன்று.

சட்டப்படி நடந்தாலே போதாதா?

ஜொகூரில் நாம் 672ஆம் சட்டத்தின் கீழ் வருகிறோம். 2007இல் நிறைவேறிய திடக்கழிவு மற்றும் பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் அது, 2011 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயம். வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பைக்கு லோரி, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளுக்கும் பெரிய பொருளுக்கும். காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, டின் எல்லாம் தனியாகப் போக வேண்டும். நல்ல சட்டம், நம் தாமானில் எத்தனை வீடு ஒழுங்காகச் செய்கிறது என்பதைக் கேட்காதீர்கள்.

ஆனால் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் பின்பற்றும் வீட்டிலும் மிச்சச் சோறு எந்தப் பைக்குப் போகிறது? "எஞ்சிய கழிவு" பைக்கு. அந்தப் பை வாரத்தில் இரண்டு நாள் தளத்துக்குப் போகிறது. மறுசுழற்சிப் பொருளைப் பிரித்தெடுத்த பிறகு அந்தப் பையில் உணவின் பங்கு இன்னும் கூடத்தான் செய்கிறது. அதாவது மீத்தேன் விஷயத்தில் சட்டம் நம்மை வாசல்வரை கொண்டுவந்து நிறுத்துகிறது. உள்ளே அடுப்படியில் செய்ய வேண்டியதை நாம்தான் செய்ய வேண்டும். என் கருத்தில், தளத்தைச் சீர்செய்யும் வரை காத்திருப்பது சரியான வழி அல்ல. சோறு அந்தத் தளத்துக்குப் போகாமல் இருப்பதுதான் வழி.

பாட்டியின் குழியும் ஆலப்புழையும்

என் பாட்டி தோட்டத்து லயத்தில் இருந்தவர். வீட்டுக்குப் பின்னால் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி, பக்கத்தில் நாலு வாழைக்கன்று. காய்த்தோல் அங்கே போகும், கோழி வந்து கிளறும். குழி நிறைந்தால் மண்ணைத் தள்ளிவிட்டு அடுத்த குழி. அந்தக் குழியையும் ஐபிசிசி கணக்கில் வைக்கலாம். ஆழமில்லாத, அமுக்காத இடத்தில் காற்றுப் புகுவதால், நன்றாக அமுக்கி மூடிய தளத்தோடு ஒப்பிட்டால் 0.4 பங்கு மீத்தேன்தான் வரும் என்கிறது அது. கோழி கிளறியதற்குத் தனியாக எண் கொடுக்கவில்லை. கொடுத்தால் இன்னும் குறையும் என்று நினைக்கிறேன்.

தாமான் வீட்டில் குழிவெட்ட இடமில்லை. கோயிலிலும் சிமெந்துத் தரை. அதற்கு ஒரு வழியைக் கேரளத்து ஆலப்புழை நகரம் காட்டியிருக்கிறது. அந்த நகரத்துக் குப்பை முழுவதும் பக்கத்திலிருந்த சர்வோதயபுரம் என்ற இடத்தில் போய் விழுந்துகொண்டிருந்தது. அங்குள்ள மக்கள் ஒரு கட்டத்தில் லோரிகளை மறித்துவிட்டார்கள். நகரம் நாறியது. வேறு வழியில்லாமல் 2012இல் "சுத்தமான வீடு, சுத்தமான நகரம்" என்ற பொருளில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். வீடுகளில் குழாய் உரம், சின்னச் சாண எரிவாயுக் கலன். வீட்டில் முடியாதவர்களுக்குத் தெருவோரத்தில் பொது உரத்தொட்டி. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு முன்மாதிரி நகரங்களின் பட்டியலில் ஆலப்புழையைச் சேர்த்தது. மறிபட்ட லோரிதான் அந்த நகரத்துக்கு நல்ல புத்தி கொடுத்தது.

அவர்களுடைய தெருத்தொட்டியின் பெயர் தும்பூர்முழி தொட்டி. ஏறக்குறைய நாலடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம். நாங்கள் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டோம். அதன் சுவரில் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருக்கிறார்கள்! நாங்கள் செங்கல் வைத்து அடைத்த அதே காற்றை அவர்கள் நாலு பக்கமும் திறந்து உள்ளே விடுகிறார்கள். அடியில் மாட்டுச் சாணம், மேலே ஒரு சாண் காய்ந்த இலை, அதன்மேல் உணவுக் கழிவு, மறுபடி சாணம், இலை என்று அடுக்கு. காய்ந்த இலை இரண்டு வேலை செய்கிறது: ஈரத்தை உறிஞ்சுகிறது, சோறு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் நடுவே காற்று போக வழிவிடுகிறது. சுமார் 90 நாளில் உரம்.

உரமாக்கும்போதும் கொஞ்சம் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் கசியும், அதை மறைக்கக்கூடாது. ஒரு கிலோவுக்கு 4 கிராம் மீத்தேன் என்று ஐபிசிசி வைத்திருக்கிறது. 50 கிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நைட்ரஸ் ஆக்சைடையும் சேர்த்தாலும் ஆழமாகப் புதைப்பதில் ஏழில் ஒரு பங்குதான் வருகிறது.

நிர்வாகத்துப் பெரியவரிடம் மறுபடி போவதற்குத்தான் தைரியம் வேண்டியிருந்தது. போனோம். எடைக் கணக்கு எழுதிய காகிதத்தைக் காட்டினோம். அவர் உரத்தொட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, அன்னதானத்துல கணக்குப் பாக்கக் கூடாதுப்பா. வந்தவங்க வயிறு நெறையணும். அளந்து போட்டா அது தானமா?" என்றார்.

அவர் சொன்னது எனக்குள் உறைத்தது. அள்ளிக் கொடுப்பது அவர் தலைமுறையின் தர்மம், தோட்டத்தில் அளந்து போட்ட அரிசியைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அவரிடம் 28, 80 என்று எண் சொல்வது மரியாதையாகப் படவில்லை. நாங்கள் பேசாமல் நின்றபோது சமையல்கட்டிலிருந்து பெரியம்மா ஒருவர்தான் வந்து பேசினார். "அண்ணே, பிள்ளைங்க குறைச்சுப் போடச் சொல்லலியே. எலையில விழுந்து குப்பைக்குப் போற சோறு யாரு வயித்துலயும் போகலியே. மொதல்ல ஒரு கரண்டி போடுவோம், கேட்டா மறுபடி ரெண்டு கரண்டி போடுவோம்."

அடுத்த சனிக்கிழமை அப்படியே செய்தோம். பரிமாறும் ஆட்களுக்கு வேலை கூடிவிட்டது, இரண்டு பேர் வாளியோடு நடந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. சிலர் முதல் கரண்டியைப் பார்த்து முகம் சுளித்தார்கள், மறுபடி வந்ததும் சரியானார்கள். அன்று பைகள் 60 கிலோவைத் தொடவில்லை. ஆனால் ஒரு வாரக் கணக்கை வைத்து நான் எதுவும் அறிவிக்க மாட்டேன், கூட்டமும் அன்று கொஞ்சம் குறைவு.

கிளைகள் செய்து பார்க்க

ஒரு மாதத்துக்கு உங்கள் கோயிலின் அன்னதான மிச்சத்தை எடைபோடுங்கள். இலை, சோறு, பூ மூன்றையும் தனித்தனியாக நிறுத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் இலையும் பூவும் எப்படியும் வரும், சோறுதான் நம் கையில் இருக்கிறது. சாப்பிட்டவர் தொகையையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆள் ஒன்றுக்கு எத்தனை கிராம் என்று பார்த்தால்தான் வாரத்தோடு வாரம் ஒப்பிட முடியும். 50 கிராம் கணக்கைப் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

தொட்டி செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. பாலும் எண்ணெயும் அதிகம் சேர்ந்தால் வாடை வரும், அபிஷேகப் பாலை அதில் ஊற்றாதீர்கள். தேங்காய் ஓடும் மட்டையும் மூன்று மாதத்தில் மக்காது, தனியாக எடுத்துவிடுங்கள். மாலையில் கட்டியிருக்கும் நைலான் நூலையும் ஜிகினாவையும் பிரித்தே ஆக வேண்டும், எங்களுக்கு அதிக நேரம் பிடித்த வேலை அதுதான். ரப்பர் இலை உதிரும் மாதங்களில் சாக்கில் சேர்த்து வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதற்கும் காய்ந்த இலை கிடைக்கும். தொட்டிக்கு மேலே கூரை வேண்டும். நம் மழைக்குத் திறந்து வைத்தால் நாலே நாளில் அது மறுபடி எங்கள் நீலத் தோம்பாகிவிடும்.

சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நீளமான இரும்புக் கம்பியை நடுவில் செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்துத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் காற்று வேலை செய்கிறது என்று அர்த்தம். சூடில்லாமல் ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் கிளறிவிட்டு இன்னும் இலை போடுங்கள்.

பெரியவர் எங்களுக்குப் பின்சுவரோரம் ஒரு மூலையைத் தைப்பூசம்வரை கொடுத்திருக்கிறார். வாடை வந்தால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் தாமாகவே வந்து நின்றார். கம்பியை உருவிக் கொடுத்தோம். தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "உள்ள நெருப்பு ஏதும் வச்சிருக்கீங்களாப்பா?" என்று கேட்டார்.